மெருகும் வைரமும்

'வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இவ்விரண்டிலும் மனிதன் ஏமாறும் வழி ஒன்றே என்பது எமது எண்ணம். கண்ணுக்கு அழகாயிருப்பதைக் கண்டு மயங்கி, காலமெல்லாம் உடனிருந்து உழைக்க வேண்டிய குணத்தை ஆராய மறந்துவிடுகிறோம். அதிலும் வீட்டின் தளம் இருக்கிறதே, அதன் கதை விசித்திரமானது. வாங்குகிற அன்று அதனைக் கண்ணால் பார்க்கிறோம். மறுநாள் தொட்டுக் காலால் மிதிக்கிறோம். கண் கொடுத்த தீர்ப்பைக் கால் ஆயுள் முழுவதும் அனுபவிக்கிறது.

ஊவாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எம்போன்றோர்க்கு மரத்தளம் என்றதும் நினைவுக்கு வருவது துரை பங்களா ஒன்றுதான். லயத்துக் காம்பராவுக்கு மண்தரை. பங்களாவுக்கோ முகம் தெரியும்படி பளபளக்கும் பலகைத் தளம். எமது தாயார் பல ஆண்டுகள் அத்தகைய பங்களா ஒன்றில் வேலை செய்தவர். வாரத்தில் இரண்டு நாள் முழங்காலில் நின்று, மெழுகைத் துணியில் தொட்டுப் பலகை பலகையாகப் பூசிக்கொண்டு போவார். பின்னர் பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையால் அழுத்தித் தேய்ப்பார். மாலையில் லயத்துக்குத் திரும்பிச் சாணியைக் கரைத்துக் காம்பராத் தரையை மெழுகுவார். மெழுகுதல் என்னும் ஒரே சொல் நம் மொழியில் இரண்டு செயலுக்கும் பொருந்தி நிற்கிறது. பங்களாவின் பின்வாசற் படியில் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்த எமக்கு, அத்தளம் தன்னியல்பாகவே ஒளிவிடுகிறது என்றுதான் அந்நாளில் எண்ணம். உள்ளே கால் வைத்துப் பார்க்க எமக்கு அனுமதி இருந்ததில்லை.

அந்தத் தாயார் இன்று எம்முடன் பதுளையில் வசிக்கிறார். முழங்கால் இரண்டும் தளர்ந்துவிட்டன. மார்கழி மழையில் சீமெந்துத் தரையின் குளிர் அவர் காலில் ஏறுவதைக் கண்டு, எமது தமக்கையார் மகன் வளைகுடா நாடொன்றிலிருந்து கடிதமும் பணமும் அனுப்பினான். "மாமா, மேல்மாடியில் பாட்டியின் அறைக்குப் பலகை போட்டுவிடுங்கள்" என்பது அவன் வேண்டுகோள். வெயிலில் நின்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது.

தாயாரிடம் சொன்னோம். அவர் முகம் மலரும் என எதிர்பார்த்தோம். மாறாக, "எனக்கு வேணாம் தம்பி. பலகை போட்டா யாராவது மண்டி போட்டு மினுக்கணும். உன் பொஞ்சாதி மினுக்குவாளா, இல்ல உன் மகளா?" என்று கேட்டார்.

எமக்கு நெடுநேரம் விடை வரவில்லை. அவர் முழங்கால் எங்கே தளர்ந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். பிறகு, தொழிற்சாலையிலேயே மெருகு தீட்டி வரும் பலகைகள் இப்போது உண்டென்றும், அவற்றிற்கு மெழுகு வேண்டியதில்லை, பிழிந்த துணியால் துடைத்தால் போதுமென்றும் விளக்கினோம். "மினுக்க வேணாத பலகையா? அப்ப வாங்கு. ஆனா கடைக்கு நானும் வருவேன்" என்றார்.

நகரத்துக் கடையொன்றில் மாதிரிப் பலகைகளை வரிசையாக நிறுத்தியிருந்தனர். விற்பனையாளர் ஒரு பலகையை விளக்கொளியில் காட்டி, பத்துப் பூச்சு மெருகு என்றும், இருபத்தைந்து வருட உத்தரவாதம் என்றும் அடுக்கினார். அப்பலகை கண்ணாடிபோல் மின்னியது. பட்டம் பெற்றுப் பல்லாண்டு பாடம் சொல்லும் நாம் அந்த ஒளியிலேயே பாதி விலை பேசி முடித்துவிட்டோம். முற்பணம் கொடுக்கச் சட்டைப் பையில் கைவைத்த வேளையில், தாயார் அப்பலகையை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார்.

"மேல என்னத்தப் பாக்குற தம்பி? மினுக்கம் கையோட வேலை. எந்த மரத்தயும் நான் மினுக்கிக் காட்டுவேன். மரம் அடியிலல்ல இருக்கு" என்றார்.

பலகையின் அடியையும் முனையையும் பார்த்தோம். மேலே தேக்கு எனக் காட்சியளித்தது தாளளவே தடித்த ஒரு சீவல். கீழே முழுவதும் மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை. இதனைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. அதற்கும் ஒரு விலையும் ஒரு பயனும் உண்டு. ஆயினும் முழுத் தேக்கின் விலையைக் கொடுத்து வாங்கத் தக்கதன்று. இரண்டாவது பெட்டியைப் பிரித்துக் காட்டுமாறு கேட்டோம். பிரித்தால் வாங்கியே தீரவேண்டும் என்றனர். கும்பிட்டு வெளியே வந்தோம்.

அதன்பின் எமக்கு ஆசானாக வாய்த்தவர், தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். தாயார் அவரை அண்ணன் என்பார். ஆதலின் எமக்கு மாமா. அவரிடமும் நூல்களிடமும் நாம் கற்றவற்றை வாசகர்க்கும் பயன்படும் என்றெண்ணி இங்கு எழுதுகிறோம்.

முதலாவதாக அறிய வேண்டியது, பலகை ஒரே மரமா, அடுக்கு மரமா என்பதே. முனையைப் பார்த்தால் இது விளங்கிவிடும். ஒரே மரமாயின் மேலிருந்து கீழ்வரை வளையக் கோடுகள் தொடர்ந்து ஓடும். இவ்வகைப் பலகை பெரும்பாலும் முக்கால் அங்குலம், அதாவது 18 அல்லது 19 மில்லிமீற்றர் தடிப்புடையது. அடுக்கு மரமாயின் மேலே நல்ல மரத்தின் தகடும், கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தகடுகளும் தெரியும். தோட்டத்து மக்களுக்கு இது புதிதன்று. முற்காலத்தில் தேயிலை ஏற்றுமதி செய்த பெட்டிகள் இத்தகைய ஒட்டுப்பலகையால் ஆனவையே. அப்பெட்டிப் பலகையில் மேசையும் தட்டும் செய்து வைத்திராத லயம் இல்லை.

அடுக்கு மரம் என்றவுடன் தாழ்ந்தது எனக் கருதலாகாது. மரம் நீரை ஏற்றால் குறுக்கே பருக்கும். நெடுக்கே ஏறக்குறைய மாறாது. அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. தகடுகளைக் குறுக்கு நெடுக்காக ஒட்டும்போது ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்துகிறது. ஆகவே காலநிலை அடிக்கடி மாறும் ஊரில் அடுக்குப் பலகை அசையாது கிடக்கும். ஆனால் மேற்றகட்டின் தடிப்பை அளந்து பார்க்க வேண்டும். 4 மில்லிமீற்றர் எனில், தேய்ந்த காலத்து இரு முறையேனும் சீவிப் புதுப்பிக்கலாம். 2 மில்லிமீற்றர் எனில் பெரிதும் எச்சரிக்கையுடன் ஒருமுறை. அதற்கும் குறைந்தால் அத்தளத்துக்கு ஒரே பிறவிதான்.

இரண்டாவது, மரத்தின் வைரம். தொல்காப்பிய மரபியல் அகத்தே வைரமுடையதை மரமென்றும், புறத்தே வைரமுடையதைப் புல்லென்றும் பிரிப்பதை மாணவர்கள் படித்திருப்பர். அக்கணக்கில் தென்னையும் மூங்கிலும் புல்லே. மரத்தின் நடுவே இருண்டு இறுகிய பகுதி வைரம். பட்டையை அடுத்த வெளிறிய பகுதி வெளிறு. எந்த உயர்ந்த மரத்தின் வெளிறும் கறையானுக்கு இனிய உணவு. சாயம் பூசி மெருகிட்ட பலகையில் மேற்பக்கம் வைரமும் வெளிறும் ஒரே நிறமாகத் தோன்றும். சாயம் ஏறாத அடிப்பக்கமே உண்மை பேசும். தாயார் பலகையைத் திருப்பியதன் பொருள் இதுதான்.

மரத்தின் கடினத்தை அளக்க யான்கா சோதனை என்று ஒன்று உண்டு. 11.28 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குண்டை மரத்தில் பாதியளவு அழுந்தச் செய்ய எத்தனை இறாத்தல் விசை வேண்டும் என்று பார்ப்பர். அமெரிக்கச் செவ்வோக்கு மரத்துக்கு ஏறத்தாழ 1,290. தேக்குக்கு 1,070 அளவு. எம் நாட்டு முதிரைக்கோ 2,600 அளவு. இந்த எண்ணை மட்டும் கொண்டு தேக்கைத் தாழ்த்திவிடலாகாது. தேக்கின் வைரத்தில் ஊறியுள்ள எண்ணெய்ப் பசை நீரையும் கறையானையும் தாங்குகிறது. அப்புத்தளையில் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த அடிசம் மாளிகையின் தளமும் படிக்கட்டும் கதவுகளும் பர்மாத் தேக்கினால் ஆனவை. மலைமுகட்டு மூடுபனியிலும் காற்றிலும் தொண்ணூறு ஆண்டுகளைத் தாண்டி அவை நிற்கின்றன. இன்று அம்மாளிகை பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாக விளங்குகிறது. கடினம் வேறு, ஆயுள் வேறு என்பதற்கு அத்தளமே சான்று.

மூன்றாவது, பலகைகள் ஒன்றோடொன்று பொருந்தும் செம்மை. நல்ல தளப்பலகையின் ஒரு விளிம்பில் நாக்கும், மறு விளிம்பில் காடியும் அமைந்திருக்கும். "ஒரு பலகையைப் பாத்து வாங்குறது, ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பாத்து மலைக்கு விலை சொல்ற மாதிரி மருமகனே" என்றார் மாமா. வெவ்வேறு பெட்டிகளிலிருந்து பத்துப் பலகைகளையேனும் எடுத்துச் சமதரையில் ஆணியின்றிக் கோத்துப் பார்க்க வேண்டும். சம்மட்டியால் அடித்தால்தான் சேரும் என்றாலும் தவறு. கையை எடுத்ததும் கழன்றுவிடும் என்றாலும் தவறு. உள்ளங்கையால் தடவினால் ஒரு பலகையின் விளிம்பு மற்றதைவிட உயர்ந்து இடறக்கூடாது. தொழிற்சாலையில் மெருகிட்ட பலகையை விரித்தபின் சீவிச் சமப்படுத்த முடியாது. சீவினால் மெருகு போய்விடும். ஆகவே உயர்வு தாழ்வை மறைக்க விளிம்புகளைச் சற்றே சரித்துச் சீவியிருப்பர். அச்சரிவு நுண்ணியதாயின் அழகு. ஆழமாயின் உள்ளே ஏதோ மறைக்கப்படுகிறது என்று கொள்க. கோத்த பலகைகளின்மேல் நேரான சட்டமொன்றை வைத்துப் பார்த்தால் வளைவும் முறுக்கும் தெரிந்துவிடும். நீளத்தையும் கவனிக்க வேண்டும். பெட்டியில் குறும்பலகைகளே மிகுந்திருந்தால் தளம் முழுவதும் பொருத்துகள் நெருங்கி ஒட்டுப்போட்ட துணிபோலாகும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பலகைகளை முதல் தரம், இரண்டாம் தரம் எனப் பெயரிட்டு விற்பது பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியது. முடிச்சும் நிற வேறுபாடும் குறைந்தது உயர்தரம், மிகுந்தது தாழ்தரம். உறுதியில் இரண்டும் ஒன்றாகவே இருத்தல் கூடும். முடிச்சைக் குறையாகக் கருதாதவர் அதனை வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் விரல் பட்டதும் அசையும் முடிச்சு எத்தரத்திலும் ஆகாது.

நான்காவதாகவே மெருகைப் பார்க்க வேண்டும். நாமோ கடையில் அதனை முதலாவதாகப் பார்த்தோம். இக்காலத்து மெருகில் அலுமினியம் ஒக்சைட்டு என்னும் பொருளின் நுண்துகள் கலந்திருக்கிறது. வாசகர் வியப்படைய வேண்டாம். இரத்தினபுரி மண்ணில் கிடைக்கும் நீலக்கல்லும் மாணிக்கமும் அதே பொருளின் படிகங்களே. வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள அக்கல் வகைக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயரும் குருந்தம் என்ற நம் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது. அத்துகள் கலந்த பூச்சைப் புற ஊதாக் கதிரால் நொடிப்பொழுதில் இறுகச் செய்வர். அதனால்தான் மெழுகு தேவைப்படுவதில்லை. எத்தனை பூச்சு என்ற எண்ணிக்கை பெரிதன்று. மெல்லிய பத்துப் பூச்சினும் தடித்த ஐந்து பூச்சு மேலாதல் உண்டு. பலகையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கொப்புளம், தூசி, பூச்சு விட்ட இடம் யாவும் வெளிப்படும். கடைக்காரர் இசைவுடன் மாதிரித் துண்டொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து நாணய விளிம்பால் கீறிப் பார்க்கலாம். ஒரு துளி நீரை இரவு முழுவதும் அதன்மேல் விடலாம். மெருகு வெண்மையாக உதிர்ந்தால் அது மரத்தைப் பற்றவில்லை என்பது பொருள். மிகுந்த பளபளப்பு ஒவ்வொரு கீறலையும் ஊருக்குக் காட்டும். மங்கிய மெருகு மறைத்துக் காக்கும்.

இக்கடின மெருகுக்கு ஒரு குறையும் உண்டு. ஆழமாகக் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து ஒட்டுப்போடுவது கடினம். பலகையையே மாற்ற வேண்டி வரும். ஆதலின் தேவைக்கு மேல் பத்திலொரு பங்கு வாங்கி, வெட்டுக் கழிவு போக மிஞ்சுவதைப் பத்திரப்படுத்துவது அறிவுடைமை.

ஐந்தாவது, நீர். ஊவா வாசிகளுக்கு இதுவே எல்லாவற்றினும் முக்கியமானது. தென்மேற்குப் பருவ மழை மேற்கு மலைச்சரிவுகளில் பொழிந்து தீர, நீரிழந்த காற்றே மலையைக் கடந்து எம் பக்கம் வீசுகிறது. ஆடி, ஆவணியில் வீசும் அந்த வறண்ட காற்றினால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் புகழும் மணம் வாய்க்கிறது. அதே காற்று பலகையிலுள்ள நீரையும் உறிஞ்சி இடைவெளி விடச் செய்கிறது. பிறகு ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவத்தில் பெய்யும் மழை அதே பலகையைப் பருக்கச் செய்கிறது. தேயிலைக்கு வரமானது பலகைக்குச் சோதனை.

குளிர்நாட்டு வீடுகளுக்கென உலர்த்தப்படும் பலகையில் நீர் 6 முதல் 9 வீதம் வரை இருக்கும். சன்னல் திறந்த எம்மூர் வீட்டில் மரம் 12 வீதத்துக்கு மேலும் நீரை ஏற்றுக்கொள்ளும். ஆகவே கடையில் நீர்மானியை வைத்து அளந்து காட்டச் சொல்வதில் வெட்கமில்லை. பலகைகள் தமக்குள் அதிகம் வேறுபடாதிருத்தல் வேண்டும். வாங்கியபின் அவற்றை விரிக்கப் போகும் அறையிலேயே சில நாள் வைத்துப் பழக்க வேண்டும். பெட்டியைப் பிரித்து வைப்பதா, மூடியபடி வைப்பதா என்பதைத் தயாரித்தோர் தாளில் கண்டு செய்க. "கொழுந்த வாட்டாம அரைச்சா தேயிலை கெடும்; பலகைய வாட்டாம அடிச்சா தளம் கெடும்" என்பது மாமாவின் சூத்திரம். கொழுந்து வாட்டும் மேல்மாடியின் மரத்தளங்களை நாற்பது ஆண்டு பழுது பார்த்தவரின் வாக்கு அது.

பலகைக்குக் கீழுள்ள சீமெந்தும் உலர்ந்திருத்தல் வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் தாளை நான்கு புறமும் காற்றுப் புகாது தரையில் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் போதும். அடியில் நீர்முத்துகள் கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ இன்னும் பொறுக்க வேண்டும்.

ஆறாவது, பசை. அடுக்கு மரத்தின் பசையிலிருந்து போர்மல்டிகைட்டு என்னும் வாயு கசிவதுண்டு. பெட்டியைத் திறந்தவுடன் கண்ணைக் கரிக்கும் நெடி அடித்தால், குழந்தைகளும் முதியோரும் உறங்கும் அறைக்கு அது ஆகாது. ஐரோப்பிய அளவான ஈ1 என்ற குறி பெட்டியில் உள்ளதா எனப் பார்க்கலாம்.

ஏழாவது, உத்தரவாதப் பத்திரம். இருபத்தைந்து வருடம் என்னும் பெரிய எழுத்தை விட்டு, கீழே உள்ள சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். பெரும்பாலும் மெருகு முற்றாகத் தேய்ந்து மரம் தெரிந்தால்தான் ஈடு. கீறலுக்கும் பள்ளத்துக்கும் நீரால் வந்த கேட்டுக்கும் ஈடு இல்லை. எம்மூரில் வரக்கூடிய கேடோ நீரால் வருவதே.

எட்டாவது, மரம் வந்த வழி. எம் நாட்டின் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் தறிப்பது 1990இல் நிறுத்தப்பட்டது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலாவை அனுமதியின்றித் தறித்தல் குற்றம். மரம் ஏற்றிச் செல்லவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். ஆதலின் மரக்காலையில் மலிவாகக் கிடைக்கும் முதிரையோ கருங்காலியோ எங்கிருந்து வந்தது என்று கேட்பது வாங்குவோர் கடமை. வெளிநாட்டுப் பலகையாயின், 1993இல் தோன்றிய வனப் பராமரிப்பு மன்றத்தின் எஃப்.எஸ்.சி. முத்திரையைத் தேடலாம். மலைகள் மொட்டையானால் முதலில் மண்சரிவது எம் லயங்களின்மேல் அல்லவா?

இவற்றையெல்லாம் கேட்டுத் தெளிந்தபின், மாமா எம்மை ஒரு ஞாயிறன்று ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள போகொடைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கல்லந்த ஓயாவின்மேல் ஒரு மரப்பாலம் நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டினது என்பர். ஏறத்தாழ 50 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது; மேலே ஓட்டுக்கூரை வேய்ந்தது. மருது, பலா முதலிய மரங்களை இரும்பாணியின்றி மரமுளைகளாலேயே பொருத்திக் கட்டியிருக்கின்றனர். கீழே நீர் ஓடுகிறது. மேலே மழை பெய்கிறது. நடுவே மரம் நூற்றாண்டுகளாக மனிதரைச் சுமக்கிறது. அதன் பலகையில் மெருகு ஏதும் இல்லை. நடந்தோரின் பாதங்கள் இட்ட வழுவழுப்பே அதற்கு மெருகு. மாமா குனிந்து பலகையை விரலால் தட்டினார். "கூரை போட்டவன் புத்திசாலி மருமகனே. மரத்த மட்டும் நம்பல, தண்ணி தங்காமப் பாத்துக்கிட்டான்" என்றார். நல்ல மரமும் நல்ல காவலும் சேர்ந்ததே நல்ல தளம் என்பதை அங்கே கற்றோம்.

இறுதியில் வேறொரு கடையில், 14 மில்லிமீற்றர் தடிப்பும் 4 மில்லிமீற்றர் தேக்கு மேற்றகடும் கொண்ட அடுக்குப் பலகையைத் தெரிந்தெடுத்தோம். மங்கிய மெருகு, முடிச்சுகள் உள்ள தரம். முதற் கடையில் கேட்ட விலையைவிட மிகுதியில்லை. அக்கடைக்காரர் மூன்று பெட்டிகளைப் பிரித்துத் தரையில் கோத்துக் காட்ட முகம் சுளிக்கவில்லை. தன் பொருளைத் திருப்பிப் பார்க்க விடுபவரை நம்பலாம் என்பது ஒன்பதாவது விதியாக இருக்கட்டும்.

மாசி மழை ஓய்ந்தபின், பலகையை இரண்டு வாரம் அறையில் பழக்கி, மாமா தம் பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு விரித்தார். சுவரோரம் நாற்புறமும் 10 மில்லிமீற்றர் இடம் விட்டு, அதனை மரச்சட்டத்தால் மறைத்தார். மழைக்காலத்தில் மரம் மூச்சு விட இடம் வேண்டும் என்பது அவர் விளக்கம். செருப்பை வாசலில் கழற்றி வைக்கும் நம் வழக்கம் இத்தளத்துக்குப் பெருங்காவல். காலோடு வரும் மணலே மெருகின் முதற் பகை.

ஆடிக் காற்று வந்தது. நாம் ஒவ்வொரு நாளும் குனிந்து இடைவெளி விழுந்ததா என்று பார்த்தோம். ஓரிரு பொருத்துகளில் மயிரிழை தெரிந்தது. ஐப்பசி மழையில் அதுவும் கூடிவிட்டது. மருமகனுக்கு எழுதினோம். அவன் பணம் வீண்போகவில்லை.

எமது மகள் இப்போது பாட்டியின் அறையில், அத்தளத்திலேயே புத்தகங்களைப் பரப்பிப் படுத்துக்கொண்டுதான் படிக்கிறாள். தாயார் சன்னலோர நாற்காலியிலிருந்து எழுந்து, வெறுங்காலுடன் மெல்ல நடந்து அவளிடம் போவார், திரும்பி வருவார். முதற்சில நாட்கள் விரலால் பலகையைத் தொட்டுப் பார்த்து, "மினுக்கவே வேணாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது கேட்பதில்லை.

அண்மையில் ஒருநாள் மகள் கேட்டாள்: "பாட்டி, துரை பங்களாத் தரை இதைவிட அழகா இருக்குமா?"

தாயார் சற்று யோசித்தார். "அழகுதான் இருக்கும். ஆனா அது எனக்கு முழங்கால்லதான் பழக்கம். நடந்து பாத்ததில்ல" என்றார்.